முயல் ஏன் தாமதமாகப் போனது? தந்திரக் கதைகளைக் கேட்க, எழுத, சொல்ல ஒரு வழிகாட்டி

தன்னைத் தின்ன வரும் பெரிய மிருகத்தை ஒரு சின்னப் பிராணி வாய்ப்பேச்சாலேயே கவிழ்த்துவிடும் கதைகள் நம் வீடுகளில் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. முயலும் சிங்கமும், குரங்கும் முதலையும், நண்டும் கொக்கும், நரியும் முதலையும் என்று பட்டியல் நீளும். இவற்றைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும், அப்புறம் பிள்ளைகளுக்குச் சொல்லவும் வேண்டும் என்று ஆசைப்பட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு இந்தக் கட்டுரை. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி, வேலந்தாவளம் என்று தமிழ் புழங்கும் ஊர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நீங்கள் தேவிகுளத்தில் இருந்தாலும், ஆந்திரப் பக்கம் நகரியிலோ குப்பத்திலோ இருந்தாலும் முறை பெரிதாக மாறாது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைகளைப் "புத்திசாலி முயல், முட்டாள் சிங்கம்" என்று சுருக்கிவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நல்ல தந்திரக் கதையில் வலிய மிருகம் முட்டாளாக இருப்பதே இல்லை. அதற்கு ஓர் ஆசை இருக்கிறது, அல்லது ஆங்காரம், அல்லது அவசரம். எளியது அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. அந்த இடத்தை நான் "பிடி" என்று சொல்லிப் பழகிவிட்டேன். கேட்கும்போதும் எழுதும்போதும் சொல்லும்போதும் பிடி எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் தானாக வரும்.

1. போவதற்கு முன் சில கதைகளைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள்

வெறுங்கையோடு போய் உட்கார்ந்து "கதை சொல்லுங்க" என்றால் யாருக்கும் எதுவும் ஞாபகம் வராது. நீங்கள் ஐந்தாறு கதைகளையாவது நன்றாகத் தெரிந்துகொண்டு போக வேண்டும். எவை என்று நான் சொல்கிறேன்.

முயலும் சிங்கமும். காட்டு மிருகங்கள் தினம் ஒன்றாகச் சிங்கத்துக்கு இரையாகப் போவதாக ஒப்பந்தம். முயலின் முறை வருகிறது. அது நேரம் கடத்தி ஆடி அசைந்து போகிறது. ஏன் தாமதம் என்று சிங்கம் உறும, வழியில் இன்னொரு சிங்கம் மறித்ததாகவும், தான்தான் இந்தக் காட்டுக்கு ராஜா என்று அது சொன்னதாகவும் முயல் சொல்கிறது. "எங்கே அவன், காட்டு" என்று சிங்கம் கிளம்புகிறது. கிணற்றுக்குள் தன் நிழலைப் பார்த்து உறுமுகிறது. உள்ளேயிருந்து எதிரொலி இன்னும் பலமாக வருகிறது. பாய்கிறது. அவ்வளவுதான்.

பலரும் கிணற்றைத்தான் தந்திரம் என்று நினைக்கிறார்கள். தந்திரம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. முயல் வேண்டுமென்றே தாமதிக்கிறது. தாமதத்தால் சிங்கத்துக்குப் பசி ஏறுகிறது, பசியால் கோபம் ஏறுகிறது. கோபம் தலைக்கேறிய நேரத்தில் "உன் இடத்துக்கு ஆள் வந்தாச்சு" என்ற செய்தி காதில் விழுகிறது. அந்த நிலையில் யார்தான் கிணற்று மேட்டில் நின்று, இது நம் நிழல்தானோ என்று யோசிப்பார்கள்? ராஜா என்ற பட்டத்தில் இருக்கிறது பிடி. தாமதத்தை விட்டுவிட்டுச் சொன்னால் சிங்கம் வெறும் மடையனாகிவிடும், கேட்பவருக்கும் சப்பென்று போய்விடும். புத்தகங்களில் சுருக்கிப் போடும்போது முதலில் வெட்டுப்படுவது இந்தத் தாமதம்தான் என்பது என் வருத்தம்.

குரங்கும் முதலையும். நாவல் மரத்துக் குரங்கும் ஆற்று முதலையும் சிநேகிதர்கள். குரங்கு கொடுத்த பழத்தைத் தின்ற முதலையின் பெண்டாட்டிக்கு, தினமும் இதைத் தின்னும் குரங்கின் இதயம் எவ்வளவு இனிக்கும் என்று ஆசை வந்துவிடுகிறது. முதலை விருந்துக்கு அழைப்பதுபோல் குரங்கை முதுகில் ஏற்றிக்கொண்டு போகிறது, நடு ஆற்றில் உண்மையைச் சொல்லிவிடுகிறது. "இதை முன்னாடியே சொல்லக் கூடாதா, இதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேனே" என்கிறது குரங்கு. முதலை திரும்புகிறது. ஏன் திரும்ப வேண்டும்? சிநேகிதனை ஏமாற்றுகிறோமே என்ற உறுத்தல் அதற்கு இருக்கிறது. பெண்டாட்டிக்கும் நல்லவனாக, சிநேகிதனுக்கும் நல்லவனாக இருந்துவிட முடியாதா என்று அது ஏங்கிக்கொண்டிருக்கிறது. குரங்கு சொன்ன பொய்யில் அதற்கான வழி இருந்தது, நம்பிவிட்டது. இப்படிப் பார்த்தால் முதலையின் மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வரும். வரட்டும், சொல்பவருக்கு அது நல்லது.

கொக்கும் நண்டும். குளம் வற்றப்போகிறது, உங்களை வேறு குளத்துக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லி மீன்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய்த் தின்கிறது கொக்கு. கடைசியில் நண்டு வருகிறது. புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் 38ஆவதாக வரும் வடிவத்தில் நண்டு நன்றாகவே பேரம் பேசுகிறது: உன் அலகால் என்னை இறுக்கிப் பிடிக்க முடியாது, என் கொடுக்குக்கு அந்தப் பலம் உண்டு, நான் உன் கழுத்தைப் பிடித்துக்கொள்கிறேன். மீன் தின்று ருசி கண்ட கொக்கு ஒப்புக்கொள்கிறது. நெல் வயலில் நண்டு பிடித்து வளர்ந்தவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

நரியும் முதலையும். இது தனிக் கதை என்பதைவிடத் தொடர் என்று சொல்லலாம். தண்ணீர் குடிக்க வந்த நரியின் காலை முதலை கவ்வுகிறது. "ஐயோ பாவம், வேரைப் போய்க் கடிக்கிறாயே" என்று நரி சொல்ல, முதலை காலை விட்டுவிட்டு வேரைப் பிடிக்கிறது. அடுத்து முதலை கரையில் செத்ததுபோல் கிடக்கிறது. "செத்த முதலை என்றால் வாலை ஆட்டுமே" என்று நரி உரக்கச் சொல்கிறது, வால் ஆடுகிறது. பிறகு நரியின் குகைக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்கிறது. "குகையே, தினம் எனக்குப் பதில் சொல்வாயே, இன்றைக்கு என்ன ஆச்சு" என்று நரி வெளியே நின்று கூப்பிட, உள்ளேயிருந்து பதில் வருகிறது. பேசும் குகை பஞ்சதந்திரத்தில் தனிக் கதையாக, சிங்கத்தை வைத்து இருக்கிறது. வாய்மொழியில் இப்படி வேறு கதைகளோடு கோத்துக்கொள்வார்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு முதலில் சொல்ல இதைவிட நல்ல கதை இல்லை.

கூண்டுப் புலி. கூண்டில் மாட்டிய புலியை இரக்கப்பட்டுத் திறந்துவிட்ட மனிதனையே புலி தின்னப் பார்க்கிறது. நியாயம் சொல்ல வந்த நரி, ஒன்றும் புரியாததுபோல் நடிக்கிறது. "அப்போ கூண்டுக்குள் இருந்தது இவரா?" "இல்லடா, நான்." "நீங்க வெளியே, கூண்டு உள்ளே?" "இல்லை, நான் உள்ளே." "எப்படி உள்ளே?" "இப்படித்தான்!" என்று புலி உள்ளே போய் நின்று காட்டுகிறது. கதவு சாத்தப்படுகிறது. இங்கே பிடி என்ன? ஒருத்தன் தப்பாகச் சொல்லும்போது திருத்தாமல் இருக்க முடியாத துடிப்பு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாவது பகுதியில் நமக்கே வேண்டியிருக்கும்.

பாட்டி வடை சுட்ட கதையையும் சேர்த்துக்கொள்ளலாம், தலைகீழ் உதாரணமாக. அதில் ஏமாறுவது காக்கை. ஆனால் அது வடையைக் காலில் வைத்துக்கொண்டு "கா கா" என்று பாடியதாகப் பிள்ளைகள் திருப்பிச் சொல்லும் வடிவமும் ஊரெங்கும் உண்டு. நரியின் தந்திரம் ஒரு தலைமுறைக்குள் தோற்றுப்போனது எனக்குப் பிடித்த விஷயம்.

2. யாரிடம், எந்த நேரத்தில்

பாட்டிதான் கதை சொல்வார் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். நம் பகுதியில் ஆண்களும் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து மாடு ஓட்டிக்கொண்டு மேற்கே போனவர்கள், வண்டியோட்டிகள், பனையேறிகள், காட்டு வேலைக்குப் போனவர்கள். ராத்திரி வழியில் தங்கும் இடத்தில் கதைதான் பொழுது. அப்படி ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால் முதலில் அவரிடம் போங்கள். அவர் கதையில் கண்டிப்பாக ஏதாவது ஓர் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நேரம் முக்கியம். கைக்கு வேலை இருந்து வாய் சும்மா இருக்கும் நேரமாகப் பாருங்கள். புளியம்பழம் தட்டிக் கொட்டை எடுக்கும் நாட்கள், கடலைக்காய் உரிக்கும் மதியம், நூறு நாள் வேலையில் மரத்தடியில் உட்காரும் இடைவேளை. டிவி சீரியல் ஓடும் நேரத்தில் போனால் மரியாதைக்கு நாலு வரி சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஒருவரிடம் தனியாகக் கேட்பதைவிட, மூன்று நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் கேட்பது நல்லது. ஒருவர் தொடங்குவார், இன்னொருவர் "எங்க ஊர்ல அப்படி இல்லீங்க" என்பார். அந்த மறுப்பு உங்களுக்கு இரண்டாவது வடிவம்.

3. எப்படிக் கேட்பது

கூண்டுப் புலியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பெரியவர்களிடம் கதை வாங்க நான் பார்த்த வழிகளில் சிறந்தது, நீங்களே ஒரு கதையைக் கொஞ்சம் தப்பாகச் சொல்வதுதான்.

"அம்மாயி, அந்த முயலு சிங்கத்தை ஏமாத்திட்டு ஓடிப்போய் வளைக்குள்ள பூந்துக்குச்சாமா?"

"முயலுக்கு ஏது கண்ணு வளை? அது புதருக்குள்ள படுத்துக்கும்."

உண்மைதான். நம் காட்டு முயல் வளை தோண்டாது. புல்லிலும் புதரடியிலும் பள்ளம் மாதிரி ஓர் இடம் பண்ணிக்கொண்டு படுத்திருக்கும். வளை தோண்டுவது வீட்டில் கூண்டு கட்டி வளர்க்கும் வெள்ளை முயலின் இனம், படப் புத்தகக்காரர்கள் வரைவது அதைத்தான். காட்டைப் பார்த்த பெரியவர் இதைத் திருத்தாமல் இருக்க மாட்டார். திருத்தத் தொடங்கிவிட்டால் கதை அவர் கைக்குப் போய்விடும். நீங்கள் வாயை மூடிக்கொள்ளலாம்.

சில கேள்விகள் எனக்கு நன்றாகப் பலன் தந்திருக்கின்றன. "இதை உங்களுக்கு யாரு சொன்னாங்க?" "அப்ப புலி என்ன சொல்லுச்சு?" "அதுக்கு முன்னாடி ஏதாவது நடந்துச்சா?" தவிர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இதன் நீதி என்ன?" கேட்ட அடுத்த நிமிடம் அவர் கதைசொல்லியிலிருந்து வாத்தியாராக மாறிவிடுவார், அப்புறம் பழமொழிதான் வரும்.

மிருகம் எது என்பதில் சந்தேகம் வந்தால் உடம்பில் வரியா புள்ளியா என்று கேளுங்கள். எல்லை ஊரில் ஒரே பெயரை ஆளுக்கொரு மிருகத்துக்கு வைத்திருப்பார்கள். நரியா, ஓநாயா, நாயா என்பதிலும் இதே கதைதான்.

யானைக் கதையைக் கேட்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். குளத்தில் நிலாவின் நிழலைக் காட்டி யானைக் கூட்டத்தை முயல் விரட்டும் கதை அழகானது. ஆனால் வாளையார், மலம்புழா பக்கம் யானை வயலில் இறங்குவது இன்றைய பிழைப்புப் பிரச்சினை. குப்பம் பக்கத்திலும் அப்படித்தான். அந்த வீட்டில் யாருக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே ஆரம்பிக்காதீர்கள்.

4. பதிவு செய்தல்

செல்போனில் இருக்கும் குரல் பதிவுச் செயலி போதும். வீடியோ வேண்டாம் என்பது என் கருத்து. கேமராவைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டு பள்ளிக்கூடத் தமிழில் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். போனை ஃபேன் காற்று படாத இடத்தில், ஒரு துண்டின் மேல், சொல்பவருக்கு ஒரு முழம் தள்ளி வையுங்கள். விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் கெட்டுப்போகும்.

பதிவின் தொடக்கத்திலேயே அனுமதி கேட்டு, அவர் சரி என்று சொல்வதும் அதில் இருக்கட்டும். எழுதி வைக்க மட்டுமா, இணையத்தில் போடவுமா, பெயரோடா பெயரில்லாமலா என்று பிரித்துக் கேளுங்கள். ஒன்றுக்குச் சரி சொன்னவர் மற்றதற்கும் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குடும்பத்துக்குள் மட்டும் சொல்லும் கதை என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தேதி, ஊர், கதை மூன்றும் இருக்கட்டும். அன்று ராத்திரியே இன்னோர் இடத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.

5. எழுதுதல்

முதல் பிரதியில் எதையும் திருத்தாதீர்கள். "வந்துச்சு" என்றால் "வந்துச்சு". நடுவில் மலையாளம் வந்தால் அது மலையாளமாகவே, தமிழ் எழுத்தில். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எல்லை ஊர்க் கதைசொல்லி சில நேரம் வலிய மிருகத்துக்கு ஒரு மொழி, முயலுக்கு ஒரு மொழி என்று கொடுத்துவிடுவார். நான் கேட்ட ஒரு கதையில் நரி முழுக்கத் தமிழில் கெஞ்சும், முதலை ஆபீசில் உட்கார்ந்திருப்பவர் தோரணையில் மலையாளத்தில் மிரட்டும். கூடியிருந்தவர்கள் சிரித்தது கதைக்காக அல்ல, அந்தத் தோரணைக்காக. எல்லாவற்றையும் ஒரே தமிழாக்கிவிட்டிருந்தால் அந்தச் சிரிப்பு காகிதத்தில் வந்திருக்காது.

பக்கத்து ஓரத்தில் இன்னும் சிலவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே சிரித்தார்கள், எங்கே கை காட்டினார், எங்கே குரல் தாழ்ந்தது, எந்த வரி ராகமாக இரண்டு முறை வந்தது. கதைக்குக் கீழே மூன்று வரிகள்: யார் சொன்னது (அனுமதி இருந்தால்), அவருக்கு யார் சொன்னது, பிடி எங்கே. மூன்றாவது வரியை நீங்கள்தான் எழுத வேண்டும். எழுத முடியவில்லை என்றால் கதையில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. திரும்பப் போய்க் கேளுங்கள், பெரும்பாலும் ஒரு தாமதமோ ஒரு பசியோ விடுபட்டிருக்கும்.

இரண்டாவது பிரதி வாசிப்பதற்காக. அதில் எழுத்து நடைக்கு மாற்றிக்கொள்ளலாம், பேச்சு வரிகளைத் தவிர.

6. ஒப்பிட்டுப் பார்த்தல்

இரண்டு மூன்று கதைகள் சேர்ந்ததும் எல்லோருக்கும் ஒரு கேள்வி வரும்: இது புத்தகத்திலிருந்து வந்ததா, ஊரில் பிறந்ததா? விடை பெரும்பாலும் இரண்டும்தான். பஞ்சதந்திரம் ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்துக்கும், எட்டாம் நூற்றாண்டில் அரபிக்கும் போனது. அங்கிருந்து ஐரோப்பா. நம் பக்கத்தில் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து தமிழில் பெயர்த்தது 1826இல் அச்சில் வந்தது. சின்னய்ய சூரி அதன் ஐந்து பகுதிகளில் முதல் இரண்டைத் தெலுங்கில் எழுதி 1853இல் வெளியிட்டார். மலையாளத்தில் கிளிப்பாட்டாக, அதாவது கிளி சொல்வதுபோல் அமைந்த பாட்டாகப் பாடியவர் குஞ்சன் நம்பியார் என்பார்கள். அவர் பிறந்த கிள்ளிக்குறிச்சிமங்கலம் லக்கிடிக்குப் பக்கத்தில், நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. அச்சு, பள்ளிப் பாடம், பாட்டு, சந்தை வழி என்று நாலு பக்கமிருந்தும் ஒரே கதை ஒரே திண்ணைக்கு வந்திருக்கும்.

ஆகவே "அசல் எது" என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். எது மாறியிருக்கிறது என்று பாருங்கள். சிங்கம் இன்று இந்தியாவில் குஜராத்தின் கிர் பகுதியில்தான் காட்டில் திரிகிறது. பறம்பிக்குளம் காட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர் அதன் இடத்தில் புலியை வைத்தால் ஆச்சரியமில்லை. புலி வந்துவிட்டால் ராஜா பட்டம் கொஞ்சம் இளகும், பிடி ஆங்காரத்திலிருந்து பசிக்கு நகரும், முயலின் பேச்சும் அதற்கேற்ப மாறும். பழம் மாறுவதையும் கவனியுங்கள். குரங்கு-முதலைக் கதையில் பஞ்சதந்திரம் சொல்வது நாவல். ஜாதகத்தில் 208ஆவது கதையில் குரங்கு கைகாட்டுவது அத்தி மரம், கொத்துக் கொத்தாகத் தொங்கும் பழங்களைக் காட்டி "அதோ எங்கள் இதயங்கள்" என்கிறது. அந்த வடிவத்தில் குரங்குக்கும் முதலைக்கும் பழைய சிநேகிதமே கிடையாது. அக்கரைப் பழத்துக்கு ஆசை காட்டித்தான் முதலை ஏற்றிக்கொள்கிறது. சிநேகிதம் போனதும் முதலையின் உறுத்தலும் போய்விடுகிறது, கண்ணால் பார்த்த பழம் சாட்சியாக நின்று பொய்யைத் தாங்குகிறது. ஒரே தந்திரம், வேறு பிடி. உங்கள் ஊர் வடிவம் இந்த இரண்டில் எதன் பக்கம் சாய்கிறது என்று பார்க்கலாம்.

உலகக் கதைகளை வகை பிரித்து எண் கொடுத்த பட்டியல் ஒன்று உண்டு. பின்லாந்தின் ஆர்னே 1910இல் தொடங்கி, அமெரிக்கர் தாம்சன் விரித்து, ஜெர்மானியர் ஊத்தர் 2004இல் புதுப்பித்தது. இதயத்தை விட்டு வந்த குரங்கு அதில் 91, நிழல்மேல் பாயும் சிங்கம் 92, கூண்டுக்குத் திரும்பும் மிருகம் 155. எண் தெரிந்தால் பிற நாட்டு வடிவங்களைத் தேட வசதி. அதற்குமேல் அதில் தலையைக் கொடுக்க வேண்டாம், புதியவர்கள் எண்ணுக்குக் கதை தேடத் தொடங்கிவிடுகிறார்கள்.

மலேசியாவில் உறவினர் இருந்தால் கட்டாயம் கேளுங்கள். அங்கே முயல், நரியின் வேலையைச் செய்வது கஞ்சில் என்ற குட்டி மான். ராஜா விருந்து வைக்கிறார், தலையை எண்ண வேண்டும் என்று முதலைகளை வரிசையாக நிற்கவைத்து, எண்ணிக்கொண்டே அவற்றின் முதுகின் மேல் ஆற்றைத் தாண்டிவிடும். அதன் உறவுக்காரனான சருகுமான் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இருக்கிறது.

7. சொல்லுதல்

எழுதியதை மனப்பாடம் செய்யாதீர்கள். மூன்று விஷயங்கள் மட்டும் மனதில் இருந்தால் போதும்: யாருக்குப் பசி, பிடி எங்கே, கடைசிப் பேச்சு என்ன. நடுவில் உள்ளதை உங்கள் வாயால் நிரப்பிக்கொள்ளுங்கள்.

வலிய மிருகத்துக்குக் கத்தல் குரல் கொடுப்பது எல்லோரும் செய்வது. மெதுவான, நிதானமான குரல் கொடுத்துப் பாருங்கள். தன் பலத்தில் நம்பிக்கை உள்ளவன் கத்த மாட்டான். சின்னப் பிராணிதான் வேகமாக, மூச்சு வாங்கப் பேச வேண்டும். பொய் சொல்லும் இடத்தில் மட்டும் அது நிதானமாகிவிடும். அந்த மாற்றத்தைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள், "பொய் சொல்லுது!" என்று கத்துவார்கள். அந்தக் கத்தல் வந்துவிட்டால் நீங்கள் கதைசொல்லி.

தந்திரத்தை முன்கூட்டியே அவிழ்த்துவிடாதீர்கள். "முயல் ஒரு யோசனை பண்ணுச்சு, என்னன்னா..." என்று ஆரம்பிக்கிறோம் பாருங்கள், அங்கேயே போயிற்று. முயல் என்ன நினைக்கிறது என்று சொல்ல வேண்டியதே இல்லை. அது புல்லைக் கொறித்துக்கொண்டு நிற்கட்டும், பொழுது ஏறட்டும். ஏன் போகாமல் நிற்கிறது என்று பிள்ளையே கேட்கும். பதில் சொல்லாதீர்கள்.

செத்த முதலை வால் ஆட்டும் இடத்தில் பிள்ளைகளையே வாலாக்கிவிடலாம். நீங்கள் நரியாக நின்று உரக்கச் சொல்லுங்கள், அவர்கள் கையை ஆட்டட்டும். குகைக் கதையிலும் குரல் கொடுப்பது அவர்கள் வேலை. ஐந்து வயதுக்குள் இருப்பவர்களுக்குச் சாவு வரும் முடிவு ஒத்துவராமல் போகலாம். நரி-முதலைத் தொடரில் யாரும் சாகாமலே முடித்துக்கொள்ளலாம். ஆனால் முயல் கதையில் சிங்கத்தைக் கிணற்றிலிருந்து காப்பாற்றி, திருந்தி, எல்லோரும் நண்பர்களாகிவிட்டதாக மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன். தினம் ஓர் உயிரைத் தின்ற கணக்கு அங்கே பாக்கி இருக்கிறது. பெரிய பிள்ளைகளுக்கு அது தெரியும், மாற்றிச் சொன்னால் உங்களை நம்பமாட்டார்கள்.

கதை முடிந்ததும் விளையாட்டு ஒன்று வைக்கலாம். வலிய மிருகத்துக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள். "முதலை ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா என்ன சொல்லியிருக்கும்?" ஒரு பிள்ளை, "நான் மரத்தடியிலேயே நிக்கிறேன், நீ மேலேருந்து போடு" என்று சொல்லும். உடனே இன்னொன்று குரங்காக மாறி வேறு பதில் தேடும். இது சூடு பிடித்தால் நீங்கள் நிறுத்த வேண்டியிருக்கும். மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ படிக்கும் பிள்ளைகள் கலந்து பேசுவார்கள், பேசட்டும். தமிழில் சொல்லு என்று அங்கே குறுக்கிட்டால் குரங்கு வாயடைத்துப் போய்விடும்.

8. திருப்பிக் கொடுத்தல்

பதிவு செய்த கதையைச் சொன்னவருக்கே போட்டுக் காட்டுங்கள். பலர் தங்கள் குரலைக் கேட்டுவிட்டு "இது தப்பு, நான் மறந்துட்டேன்" என்று இன்னும் ஒரு பகுதியைச் சேர்ப்பார்கள், எனவே அப்போதும் போன் தயாராக இருக்கட்டும்.

எழுதிய பிரதியைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து அந்த வீட்டில் ஒன்று கொடுங்கள். பதினெட்டுப் புள்ளிக்கு (பாயிண்ட்) குறையாத எழுத்தாக இருந்தால் வயதானவர்களுக்கு வாசிக்க வசதி. அந்த வீட்டுப் பேரப்பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வராது என்றால் ஒலிப்பதிவை அதன் அம்மாவின் போனுக்கு அனுப்பிவிடுங்கள். ஊர் நூலகத்திலும் பக்கத்துத் தமிழ் வழிப் பள்ளியிலும் தலா ஒரு பிரதி வைக்கலாம், சொன்னவர் அதற்குச் சரி என்றிருந்தால். அங்கே வாசித்துவிட்டு யாராவது "எங்க அப்பாரு இதை வேற மாதிரி சொல்வாரு" என்று வந்தால், அவரை உட்காரச் சொல்லிவிட்டு மூன்றாவது பகுதியிலிருந்து தொடங்குங்கள்.